வீட்டில் கட்டும் ஸ்போர்ட்ஸ் காருக்கு சேஸிஸ் உலோகம் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சொந்தமாக ஸ்போர்ட்ஸ் கார் கட்டக் கிளம்புபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த ஸ்டீல்) போடலாமா, அலுமினியம் போடலாமா?" என்றுதான். அதைக் கடைசியில் கேட்க வேண்டும். டியூப்கள் எங்கே போகின்றன, எந்த மூலையில் குறுக்குக் கம்பி இருக்கிறது, உங்கள் கையால் எந்த இணைப்பைப் பிசகில்லாமல் போட முடியும் என்பவை முடிவான பிறகு உலோகம் ஏறக்குறைய தானாகவே முடிவாகிவிடும். முதல் காருக்கு அந்த முடிவு பெரும்பாலும் சாதாரண மைல்டு ஸ்டீல்தான். ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். உங்கள் காருக்கு வேறு விடை வந்தால் அதையும் இதே வழியில் கண்டுகொள்ளலாம்.

படி 1: சேஸிஸ் தாங்க வேண்டியதை எண்ணில் எழுதுங்கள்

ஓட்டுநர், எரிபொருள் எல்லாம் சேர்த்து 650 கிலோ எடையுள்ள சிறிய இரண்டு இருக்கைக் காரை எடுத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்தின் மேல் சுமார் 160 கிலோ விழுகிறது. பள்ளத்தில் விழும்போது இதைப்போல் மூன்று மடங்கு என்று வைப்பது வழக்கம். அதாவது ஏறக்குறைய 4,700 நியூட்டன். பிரேக்குக்கும் வளைவுக்கும் தலா ஒன்றரை மடங்கு வைத்து, வரும் விடையை இன்னொரு 1.5-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். சஸ்பென்ஷன் பிராக்கெட்டுகளும் அவை உட்காரும் டியூப்களும் இந்தச் சுமையை நிரந்தரமாக வளையாமல் தாங்க வேண்டும்.

அடுத்தது முறுக்கு விறைப்பு. முன்பக்கத்தை ஒரு திசையிலும் பின்பக்கத்தை எதிர்த் திசையிலும் திருகினால் சேஸிஸ் எவ்வளவு எதிர்க்கிறது என்பது. சேஸிஸே ஸ்பிரிங்போல் முறுகினால், ஆன்டி ரோல் பாரை (வளைவில் கார் சாய்வதைக் கட்டுப்படுத்தும் கம்பியை) எவ்வளவு மாற்றினாலும் கார் அதற்குச் செவிசாய்க்காது. இலக்கை எப்படி வைப்பது? சக்கரத்தில் அளந்த ஸ்பிரிங் விறைப்பு மி.மீ.க்கு 20 நியூட்டன், டிராக் அகலம் (இடது, வலது சக்கரங்களின் இடைவெளி) 1.3 மீட்டர் என்றால், ஒரு அச்சின் ரோல் விறைப்பு, அதாவது பக்கவாட்டுச் சாய்வுக்குக் காட்டும் எதிர்ப்பு, டிகிரிக்குச் சுமார் 295 நியூட்டன் மீட்டர். இரண்டு அச்சுக்கும் சேர்த்து 590. சேஸிஸ் இதைப்போல் மூன்று மடங்காவது இருக்கட்டும், ஐந்து மடங்கு என்றால் நல்லது. இந்தக் காருக்கு டிகிரிக்கு 1,800 முதல் 3,000 நியூட்டன் மீட்டர் வரை. தொழிற்சாலைக் கார்களின் பெரிய எண்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். மென்மையான ஸ்பிரிங் போட்ட எடை குறைந்த காருக்கு அவ்வளவு தேவையில்லை.

மூன்றாவது எண் விதிப் புத்தகத்தில் இருக்கிறது. காரைப் பதிவு செய்யவும் பந்தயத்தில் ஓட்டவும் எந்த உலோகம், எந்தக் கனம் ஏற்கப்படும் என்பதை டியூப் வாங்கும் முன்பே படித்துவிடுங்கள். கார் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் கூண்டான ரோல் கேஜ் விஷயத்தில், சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ. விதிகளின் இணைப்பு ஜே, பிரிவு 253 கறாரானது: குளிர்நிலையில் இழுத்த, தையலில்லாத கார்பன் ஸ்டீல் டியூப், இழுவிசை வலிமை குறைந்தது 350 மெகாபாஸ்கல், பிரதான வளையம் 45 × 2.5 மி.மீ. அல்லது 50 × 2.0 மி.மீ. சேஸிஸ் எதுவாக இருந்தாலும் வளையத்தை இந்தத் தரத்தில் போடுவது புத்திசாலித்தனம்.

படி 2: விறைப்பையும் வலிமையையும் பிரித்துப் பாருங்கள்

பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். விறைப்பு என்பது சுமை ஏற்றும்போது எவ்வளவு வளைகிறது என்பது. வலிமை என்பது எந்தச் சுமையில் நிரந்தரமாக வளைந்துவிடுகிறது என்பது. மைல்டு ஸ்டீலின் ஈல்டு வலிமை (நிரந்தரமாக வளையத் தொடங்கும் எல்லை) சுமார் 250 மெகாபாஸ்கல், 4130 வகைக் குரோமோலிக்கு நார்மலைஸ் செய்த (சூடாக்கிக் காற்றில் ஆறவிட்ட) நிலையில் சுமார் 435. ஆனால் உலோகத்தின் விறைப்பைச் சொல்லும் எண்ணான மீள்தன்மைக் கெழு இரண்டுக்கும் சுமார் 205 கிகாபாஸ்கல்தான். ஒரே அளவு டியூபை இரண்டு ஸ்டீலிலும் செய்து ஒரே சுமையை வைத்தால் இரண்டும் ஒரே அளவுதான் வளையும். குரோமோலி போட்டதால் சேஸிஸ் விறைப்பானது என்று யாராவது சொன்னால், டியூப் அளவையும் சேர்த்து மாற்றியிருக்கிறார் என்று பொருள்.

அலுமினியத்துக்குக் கெழு 70, அடர்த்தி 2.7. ஸ்டீலுக்கு 205, 7.85. டைட்டானியத்துக்குச் சுமார் 112, 4.5. கெழுவை அடர்த்தியால் வகுத்துப் பாருங்கள்: மூன்றுக்கும் 25, 26 என்றே வரும். ஒரு கிலோ உலோகம் நேர் இழுப்பிலும் நேர் அழுத்தத்திலும் தரும் விறைப்பு மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே.

ஸ்பேஸ் ஃபிரேம் என்பது டியூப்களை இணைத்துக் கட்டிய கூடு; முக்கோணங்களாக ஒழுங்காகக் கட்டிய ஸ்பேஸ் ஃபிரேமில் ஒவ்வொரு டியூபும் இழுபடுகிறது அல்லது அழுத்தப்படுகிறது, அவ்வளவுதான். எனவே அங்கே அலுமினியத்துக்கு மாறுவதால் விறைப்பில் லாபம் கிடையாது. வளையும் வேலை இருக்கும் இடத்திலும், அகலமான தகடுகளிலும், பெரிய பெட்டி வடிவங்களிலும்தான் அலுமினியம் ஜெயிக்கிறது. அதே எடையில் கனத்தையும் வெளி அளவையும் கூட்டிக்கொள்ள முடிகிறதே, அதனால்.

படி 3: முதலில் வடிவம்

லேடர் சேஸிஸ் என்றால் இரண்டு நீளக் கம்பிகளும் அவற்றைச் சேர்க்கும் குறுக்குக் கம்பிகளும். கட்ட எளிது, முறுக்கில் சோப்ளாங்கி. கனமான ஸ்டீல் டியூப் போட்டே ஈடுகட்ட வேண்டும்.

பேக்போன் என்பது நடுவில் ஓடும் ஒரே பெரிய பெட்டி. 1962-இல் வந்த லோட்டஸ் எலான் மடித்த ஸ்டீல் தகட்டில் இதைச் செய்தது. மூடிய பெட்டி முறுக்கைப் பிரமாதமாகத் தாங்கும். தகடு மடிக்கும் இயந்திரம் கைக்கு எட்டினால் இது மிக நல்ல வழி, ஏனோ பலரும் மறந்துபோன வழி. பக்கவாட்டு மோதலுக்குத் தனிப் பாதுகாப்பு கட்ட வேண்டும் என்பது இதன் குறை.

ஸ்பேஸ் ஃபிரேம்தான் வீட்டுக் கொட்டகைக்கு மிகவும் ஒத்துவரும். அறுக்கும் கருவியும் வெல்டிங் இயந்திரமும் போதும். ஆனால் ஒவ்வொரு பக்கமும் முக்கோணமாக வேண்டும், கதவும் எஞ்சினும் அதற்கு இடம் தராது. 1954-இன் மெர்சிடஸ் 300 எஸ்எல் காரில் பக்கவாட்டு ஃபிரேம் உயரமாக வந்ததால்தான் கதவுகள் மேல்நோக்கித் திறந்தன. நீங்களும் அந்த உயரத்தைத் தாண்டி ஏறி உட்காரத் தயாரா என்று இப்போதே முடிவெடுங்கள்.

மோனோகாக் என்றால் தகடுகளே உடலும் எலும்பும். அலுமினியத் தகட்டை மடித்து, ஒட்டி, ரிவெட் அடித்துச் செய்யலாம், கார்பனிலும் செய்யலாம். விறைப்பில் முதலிடம். ஆனால் புள்ளிச் சுமை வரும் ஒவ்வொரு இடத்தையும் தனியாகத் திட்டமிட வேண்டும். வரைபடம் முடியாமல் தொடங்கினால் பாதியில் நிற்கும்.

படி 4: உலோகங்களை உங்கள் கொட்டகையோடு பொருத்திப் பாருங்கள்

*மைல்டு ஸ்டீல்.* மிக் வெல்டிங் (கம்பி தானாக ஊட்டப்படுவது), டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையால் உருக்கிக் கம்பியைக் கையால் ஊட்டுவது) இரண்டுக்கும் இணங்கும். இணைப்பில் சிறு இடைவெளி இருந்தால் மன்னிக்கும். உடைவதற்கு முன் வளைந்து எச்சரிக்கும். வெல்டுக்கு அருகிலும் வலிமை பெரிதாகக் குறையாது. சதுர டியூபை நேராக அறுத்தால் போதும், உருண்டை டியூபைப்போல் வாயை மீன்வாய் வடிவில் குடைய வேண்டியதில்லை. ஷீட் ரிவெட் அடிக்கவும் தட்டையான முகம் கிடைக்கிறது. ஐரோப்பியத் தரப் பட்டியலில் இஎன் 10305-5 சதுர டியூபுக்கும், இஎன் 10305-1 தையலில்லாத உருண்டை டியூபுக்கும் உரியவை. வெல்ட் தையலுள்ள இஆர்டபிள்யூ டியூப் சேஸிஸுக்குப் போதும். வளைக்கும்போது மட்டும் தையலை வளைவின் வெளிப்பக்கத்தில் வைக்காதீர்கள், அங்கே பிளக்கும்.

கால்வனைஸ் செய்த டியூப் வேண்டாம். வெல்ட் செய்யும்போது எழும் துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும், வெல்டும் ஓட்டை ஓட்டையாக வரும். தண்ணீர்க் குழாயும் வேண்டாம். அது உள்விட்டத்தின் பெயரில் விற்கப்படுவது; வெளி அளவும் சுவரும் உங்கள் கணக்கோடு ஒத்துப்போகாது.

*4130 குரோமோலி.* இதன் உண்மையான லாபம், வலிமை குறையாமல் சுவரை மெலிதாக்கலாம் என்பது. 1.5 மி.மீ. சுவரை 0.9 ஆக்கினால் எடை 38 சதவீதம் குறையும். கூடவே வளைவு விறைப்பும் 35 சதவீதம் குறையும்! அதை ஈடுகட்ட வெளி அளவைக் கூட்ட வேண்டும், அதற்கேற்ப வரைபடமும் மாறும். மெல்லிய சுவர் கல்லடியில் நசுங்கும், துருவுக்குக் கொடுக்க அதனிடம் உபரியும் இல்லை. டிக் வெல்டிங்கில் இஆர்70எஸ்-2 கம்பியோடு வேலை செய்யலாம். 3 மி.மீ.க்குக் குறைவான சுவருக்கு முன்சூடு பொதுவாக வேண்டியதில்லை. ஆனால் காற்றோட்டத்தில் வெல்ட் செய்வதும், ஈரத்துணி போட்டுக் குளிர வைப்பதும் வெல்டின் ஓரத்தைக் கடினமாக்கி விரிசல் விட வைக்கும். சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் சஸ்பென்ஷன் விஷ்போன், ஆன்டி ரோல் பாரின் கைகள் போன்ற சிறு பாகங்களுக்கு இது அருமையான உலோகம். சேஸிஸ் முழுக்கப் போடும் அளவுக்கு முதல் காரில் இதற்கு வேலை இல்லை.

*அலுமினியம்.* இங்கே நிதானம் தேவை. வெப்பத்தால் பதப்படுத்திய அலுமினியக் கலவையான 6061-டி6-இன் ஈல்டு வலிமை 276 மெகாபாஸ்கல், மைல்டு ஸ்டீலைவிடக் கொஞ்சம் அதிகம். வெல்ட் செய்தவுடன் சுற்றிலும் ஏறக்குறைய 25 மி.மீ. தூரம்வரை அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஃபிரேமில் சுமை குவியும் இடமும் அதே மூலைதான். முழுச் சேஸிஸையும் உலையில் ஏற்றி மறுபடி பதப்படுத்தலாம் என்றால், சுமார் 530 டிகிரி சூட்டிலிருந்து நீரில் அமிழ்த்தும்போது ஃபிரேம் கோணிக்கொள்ளும். ஸ்டீலுக்கு ஒரு களைப்பு எல்லை உண்டு, அதற்குக் கீழே எத்தனை முறை ஆட்டினாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை இல்லை. சிறிய அதிர்வும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும்.

1996-இல் வந்த லோட்டஸ் எலிஸ் இந்தச் சிக்கலை வெல்டிங்கே இல்லாமல் தாண்டியது. எக்ஸ்ட்ரூஷன் (அச்சின் வழியே அழுத்தித் தள்ளி வடித்த) பாகங்களை எபாக்ஸிப் பசையால் ஒட்டி, உரிந்து வராமலிருக்கத் திருகும் போட்டார்கள். சேஸிஸின் எடை 68 கிலோ. வீட்டில் அலுமினியம் என்றால் நீங்களும் ஒட்டும் வழியைத்தான் யோசிக்க வேண்டும். ஆனால் அந்த ஒட்டலின் உயிர் பசையில் இல்லை, அலுமினியத்தின் மேற்பரப்பைத் தயார் செய்வதில் இருக்கிறது. அங்கே தொழிற்சாலை அனோடைஸ் செய்தது, அதாவது மின்சாரத்தால் மேலே ஆக்சைடு படலம் ஏற்றியது. எண்ணெய்ப் பசையுள்ள துணியால் துடைத்து ஒட்டிய இணைப்பு முதல் நாள் உறுதியாகத்தான் இருக்கும். ஈரம் நுழைந்தபின் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடும்.

*கார்பன் ஃபைபர்.* 1981-இல் மெக்லாரன் எம்பி4/1 ஃபார்முலா ஒன்னில் இதை நிலைநாட்டியது. அழுத்த உலையில் வேகவைத்த அந்தப் பொருளும் கொட்டகையில் தூரிகையால் பூசிய கார்பனும் பெயரில் மட்டுமே உறவு. அறைச்சூட்டில் இறுகிய எபாக்ஸியை அதன்பின் சூடேற்றிப் பதப்படுத்தாவிட்டால், புகைக்குழாயின் அருகே 60 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கலாம். போல்ட் வரும் இடத்தில், இரண்டு கார்பன் அடுக்குகளுக்கு நடுவே வைக்கும் நுரை நசுங்கும், அங்கெல்லாம் உலோக உருளை பதிக்க வேண்டும். கார்பனை அலுமினியத்தில் நேரடியாகத் தொடவிட்டால் அலுமினியம் அரிக்கும். நடுவே ஒரு கண்ணாடி இழை அடுக்கு வையுங்கள். பாடி, இருக்கை, மூடிகளுக்குக் கார்பன் சரி. சஸ்பென்ஷன் சுமை தாங்கும், தொட்டி வடிவக் கார்பன் சேஸிஸ் அடுத்த காருக்கு.

டைட்டானியத்துக்கு வெல்டின் இரு பக்கமும் ஆர்கான் மூட வேண்டும், வெல்ட் நீல நிறமானால் வெட்டி எறிய வேண்டும்; விட்டுவிடுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சூட்டில் அதிகம் விரிவதால் அதிகம் கோணும், துருப்பிடிக்காது என்பதைத் தவிர சேஸிஸில் லாபம் இல்லை. மரம் என்றால் சிரிக்க வேண்டாம்: மார்க்கோஸ் தன் ஆரம்பக் காலக் கார்களை மரைன் பிளைவுட் சேஸிஸில் கட்டிப் பந்தயங்களிலும் ஓடவிட்டது.

படி 5: டியூப் அளவைக் கணக்குப் போடுங்கள்

25 × 25 × 1.5 மி.மீ. சதுர மைல்டு ஸ்டீல் டியூப் மீட்டருக்கு 1.1 கிலோ. அது அழுத்தத்தில் ஈல்டாக 35,000 நியூட்டன் வேண்டும். 600 மி.மீ. நீளத்தில் பக்கவாட்டில் வளைந்து மடங்க 73,000 நியூட்டன் வேண்டும். எனவே உலோகம்தான் முதலில் தோற்கும், வலிமை கூடிய ஸ்டீல் போட்டால் பலன் உண்டு. அதே டியூப் 1,200 மி.மீ. நீளத்தில் 18,000 நியூட்டனிலேயே மடங்கிவிடும். இங்கே குரோமோலி போட்டாலும் அதே 18,000-தான். நடுவில் ஒரு குறுக்குக் கம்பி வைத்து நீளத்தைப் பாதியாக்குவதே மருந்து.

தொடக்க அளவாக இதை வைத்துக்கொள்ளலாம்: பிரதான டியூப்கள் 25 × 25 × 1.5. சஸ்பென்ஷன் பிராக்கெட் உட்காரும் டியூப்களுக்கு 2 மி.மீ. சுவர். முக்கோணமாக்க முடியாத கதவுத் திறப்பின் அடியில் 40 × 40 × 1.5. இந்தக் கடைசி டியூபின் எடை 1.6 மடங்கு, வளைவு விறைப்போ 4.4 மடங்கு. வெளி அளவைக் கூட்டுவது சுவரைக் கூட்டுவதைவிட எப்போதும் மலிவான பேரம். பிராக்கெட்டுகள் 3 மி.மீ. தகட்டில், போல்ட்டின் இரு பக்கமும் பிடிக்கும்படி. மெல்லிய டியூபை ஊடுருவிப் போல்ட் போனால் உள்ளே ஒரு சிறு குழாய் நுழைத்து வெல்ட் செய்யுங்கள். இல்லாவிட்டால் முறுக்க முறுக்க டியூப் நசுங்கும், போல்ட் ஒருநாளும் இறுகாது.

படி 6: வாங்கும்போது

வெட்டும் பட்டியலை எழுதி, 6 மீட்டர் நீளங்களில் அடுக்கிப் பாருங்கள். பிரதான டியூப் 45 மீட்டர் என்றால் எடை 50 கிலோ அளவில் வரும். 15 சதவீதம் கூடுதலாக வாங்குங்கள். பொருளோடு இஎன் 10204 வகை 3.1 சான்றிதழ் கேளுங்கள். அதில் உருக்கிய தொகுதியின் எண்ணும் உண்மையான சோதனை அளவுகளும் இருக்கும். வெர்னியரால் சுவரை நாலு பக்கமும் அளந்து, ஒவ்வொரு நீளத்தையும் தட்டையான தரையில் உருட்டிப் பாருங்கள். கோணிய டியூபை ஜிக்கில் (வெல்ட் செய்யும்போது டியூப்களைப் பிடித்து வைக்கும் சட்டத்தில்) இழுத்துப் பிடித்து வெல்ட் செய்தால், கழற்றிய அன்றே ஃபிரேமும் கோணும்.

படி 7: காரில் கை வைக்கும் முன் மாதிரி வெல்ட்

அதே டியூபின் துண்டுகளில் பத்து டி-இணைப்பு போடுங்கள். 1.5 மி.மீ. சுவருக்கு 0.6 அல்லது 0.8 மி.மீ. இஆர்70எஸ்-6 மிக் கம்பி, ஆர்கான்-கார்பன் டை ஆக்சைடு கலவை. ஐந்தை நெடுக அறுத்து வெல்ட் உள்ளே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மீதி ஐந்தை வைஸில் பிடித்து நெம்பி உடையுங்கள். டியூப் கிழிந்தால் தேர்ச்சி. வெல்ட் முழுசாகப் பெயர்ந்து வந்தால் அது மேலே ஒட்டிக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறது. கரண்டைக் கூட்டி மறுபடி செய்யுங்கள். வெல்டை அழகுக்காகக் கிரைண்டரால் மழித்துவிடாதீர்கள். கனம் குறையும், கீழே உருகாத இடமும் மறைந்துவிடும்.

ஃபிரேமில் எல்லா மூலைக்கும் முதலில் டேக் (சிறு புள்ளி வெல்ட்) மட்டும் வையுங்கள். மூலைவிட்டங்களை அளந்து, 1 மி.மீ.க்குள் ஒத்துவந்த பிறகு எதிரெதிர் மூலைகளாக மாற்றி மாற்றி முழு வெல்ட் போடுங்கள். முழுக்க மூடிய டியூபில் 3 மி.மீ. காற்றுத் துளை ஒன்று விட வேண்டும். இல்லாவிட்டால் சூடான காற்று கடைசி வெல்டை ஊதித் துளைத்துவிடும்.

படி 8: தகடுகள்

ஸ்டீல் ஃபிரேமுக்கு 1.2 மி.மீ. அலுமினியத் தரையும், இருக்கைகளுக்கு நடுவே ஓடும் டனலின் பக்கங்களும் ஒட்டி ரிவெட் அடித்தால், குறுக்குக் கம்பி வைக்க முடியாத கட்டங்கள்கூடச் சதுரம் குலையாமல் நிற்கும். ரிவெட் 4 மி.மீ., இடைவெளி 50 முதல் 75 மி.மீ. ஸ்டீலுக்கு முதலில் பிரைமர், பிறகு பாலியூரித்தேன் சீலன்ட், அதன்மேல் அலுமினியம். இரண்டு உலோகமும் நேரடியாகத் தொட்டால், உப்பும் ஈரமும் சேர்ந்து அலுமினியத்தை வெள்ளைப் பொடியாக்கிவிடும். ரிவெட் துளை வழியே டியூபுக்குள் தண்ணீர் போகும் என்பதால் உள்ளே மெழுகு தெளிப்பது கட்டாயம். ஃபிரேமுக்கு வெளிர் நிறத்தில் மெல்லிய பெயின்ட் போதும். கனமான பவுடர் கோட்டிங் விரிசலையும் துருவையும் தன் அடியில் ஒளித்து வைக்கும்.

படி 9: அளந்து பாருங்கள்

எஞ்சின் ஏற்றும் முன், பின் சஸ்பென்ஷன் பிராக்கெட்டுகளைத் தரையோடு அசையாமல் பிடியுங்கள். முன்பக்கத்தை நடுவில் ஒரு கூரான தாங்கியில் உட்கார வையுங்கள். முன் பிராக்கெட்டுகளுக்குக் குறுக்கே கனமான கம்பி ஒன்றைக் கட்டி, நடுவிலிருந்து 1 மீட்டர் தள்ளி 20, 40, 50 கிலோ என்று எடையைத் தொங்கவிடுங்கள். 50 கிலோ என்றால் 490 நியூட்டன் மீட்டர். நடுவிலிருந்து 400 மி.மீ. தள்ளி வைத்த டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) 2.3 மி.மீ. காட்டினால் விறைப்பு டிகிரிக்கு ஏறக்குறைய 1,500 நியூட்டன் மீட்டர். பின்பக்கப் பிடியிலும் ஒரு கேஜ் வைத்து, அங்கே தெரியும் முறுக்கைக் கழித்துவிடுங்கள். எடையை எடுத்த பிறகு முள் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை என்றால் ஏதோ ஓர் இணைப்பு நழுவுகிறது.

கேஜை 200 மி.மீ.க்கு ஒருமுறை முன்னிருந்து பின்னாக நகர்த்தி, முறுக்கைத் தாளில் கோடாக வரையுங்கள். கோடு திடீரென்று செங்குத்தாகும் கட்டம்தான் பலவீனம். பெரும்பாலும் அது எஞ்சின் அறையின் மேல்பக்கமாகவோ கதவுத் திறப்பாகவோ இருக்கும். அந்தக் கட்டத்தில் மட்டும் போல்ட்டில் கழற்றக்கூடிய ஒரு குறுக்குக் கம்பியை வைத்து மறுபடி அளந்து பாருங்கள். எண் நகரவில்லை என்றால் கம்பியின் முனை டியூபின் நடுவில் முடிகிறதா என்று பாருங்கள். மூலையில் முடியாத குறுக்குக் கம்பி டியூபை வளைப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாது.